அப்பா சின்னதாகும் ஜன்னல்

காலை ஏழு பத்துக்கு அந்த அறையில் ஒரு திருட்டு வேலை நடக்கும். வந்த நான்காம் நாளிலிருந்து, ஞாயிறு தவிர ஒரு நாளும் அது தவறியதில்லை.

அம்மா பட்டாணியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு குளியலறைக்குள் போவாள். குழாயை முழுக்கத் திறந்துவிடுவாள். தொட்டியில் தண்ணீர் விழுகிற இரைச்சலைக் கேட்டுப் பட்டாணி கைதட்டிச் சிரிக்கும். அந்த நேரம் பார்த்து வெளியே அப்பா எழுந்து, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் சாக்ஸோடு நடந்து, கதவைப் பாதி திறந்து, உடம்பை ஒருக்களித்து நழுவி, பூட்டு விழும் சத்தம் கேட்காதபடி இழுத்துச் சாத்திவிட்டுப் போய்விடுவான். ஷூவை லிஃப்ட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வான். குழாயை மூடுவதற்குள் அவன் தெருவில் இருப்பான்.

இது அவர்களாகக் கண்டுபிடித்த வித்தை அல்ல. ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வேலைக்குப் போகிறவர் குழந்தையின் கண்ணில் படாமல் போக வேண்டும். பட்டால் அழும். அழுகையைக் கேட்டுக்கொண்டே கிளம்பினால் போகிற காரியம் உருப்படாது. அதனால் ஒருவர் "அதோ பார் காக்கா!" என்று கையைக் காட்ட வேண்டும், இன்னொருவர் கம்பி நீட்ட வேண்டும். அவளுடைய அப்பாவும் அப்படித்தான் போனார். அவனுடைய அப்பாவும் அப்படித்தான்.

ஆனால் ஊரில் காக்காவைக் காட்டிய பிறகு பட்டாணியைத் தூக்கிக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா தூக்கிப்போய் மீன் தொட்டியைக் காட்டுவாள். அங்கிருந்து கீழ்வீட்டு டெய்லர் வாங்கிக்கொண்டு போய் மெஷின் மேல் உட்கார வைத்துக்கொள்வார். இடுப்பு மாறி இடுப்பு மாறி, அப்பா இல்லை என்பது பட்டாணிக்கு உறைப்பதற்குள் பாதி நாள் ஓடிவிடும். இங்கே இருப்பது ஓர் அறை, அறையின் மூலையிலேயே சமையல் மேடை, ஒரு குளியலறை, ஒரு ஜன்னல். குளித்துவிட்டு வெளியே வந்தால் கட்டில் இருக்கும், சோபா இருக்கும், அப்பா இருக்கமாட்டான்.

முதல் நாள் பட்டாணி கட்டிலுக்கு அடியில் தேடியது. இரண்டாம் நாள் அலமாரிக்குள் தேடியது. மூன்றாம் நாள் தேடவில்லை. அம்மாவின் நைட்டியைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பிடித்த பிடியை இன்னும் விடவில்லை.

பிறந்தபோது இரண்டரைக் கிலோகூட இல்லாததால் பட்டாணி என்று பெயர் வந்தது. இப்போது இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆகிறது. பதினெட்டு வார்த்தைகள் பேசும். அதில் ஆறு சாப்பாடு சம்பந்தமானவை.

பொட்டலம் கட்டும் மெஷின்களைச் செய்கிற கம்பெனியில் அப்பா ஃபிட்டர். கடல் தாண்டி ஒரு தொழிற்சாலைக்கு மெஷின் போயிருக்கிறது, அதைப் பூட்டி ஓடவைத்துக் கொடுக்க மூன்று வாரம் ஆகும், குடும்பத்தையும் கூட்டிப்போகலாம் என்று சொன்னபோது வீடே குதித்தது. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை செய்பவள். முதலாளி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் லீவு கொடுத்தார். விமான நிலையத்துக்குப் பதினோரு பேர் வழியனுப்ப வந்தார்கள். அவர்களை ஏமாற்றிவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் கையாட்டினார்கள், அவளும் ஆட்டினாள், பட்டாணியும் ஆட்டியது.

இப்போது அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் உள்ளே இருக்க வேண்டும்.

அது முடியவில்லை. கதவு ஒரு சாண் மூடினாலே போதும், பட்டாணி தரையில் விழுந்து அலறும். முகம் நீலம் பாரித்துப் போகும். ஒருமுறை மூச்சே நின்றுவிட்டது போலாகி, அவள் முதுகைத் தட்டித் தட்டித் தானும் அழுதாள். அது அடம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அடத்துக்கு ஒரு கண் திறந்திருக்கும், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கும். இது இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு அழுகிற அழுகை. கதவுக்குப் பின்னால் போகிறவர்கள் இல்லாமல் போய்விடுகிறார்கள் என்று அந்தக் குழந்தை எப்படியோ முடிவு கட்டியிருந்தது.

ஆகவே கதவைத் திறந்து வைத்துக்கொண்டே குளித்தாள், திறந்து வைத்துக்கொண்டே எல்லாம் செய்தாள். பட்டாணி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். தனியாக இருக்கவும் வழியில்லை, துணைக்கும் ஆளில்லை. இப்படியும் ஒரு நிலைமை உண்டு என்று அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை ஊரிலிருந்து அவளுடைய சொந்த அக்கா போனில் கூப்பிட்டாள்.

"என்னடி வெளிநாட்டுக்காரி, எங்களையெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"என்னல்லாம் பாத்த? சொல்லு, கேட்டாவது வயித்தெரிச்சல் படறேன்."

அவள் யோசித்துப் பார்த்தாள். கட்டடத்துக்குக் கீழே துணி துவைக்கிற அறையைப் பார்த்திருந்தாள். அங்கே எட்டு மெஷின்கள், நாலாவது மெஷினுக்குக் கதவு சரியாக மூடாது. தெருக்கோடியில் இருக்கிற கடையைப் பார்த்திருந்தாள். பூங்காவில் இரண்டு ஊஞ்சல்களைப் பார்த்திருந்தாள், ஒன்று ஈரமாகவே இருக்கும்.

"பார்க் போனோம்," என்றாள்.

"அந்த போட்டோவும் பாத்தேனே. குழந்தையும் ஒரு கம்பமும் நிக்குது. உன் மொகத்தையே காணோம்."

"எடுக்குறதே நான்தானேக்கா. என்னை யாரு எடுப்பா?"

"அதெல்லாம் மாப்பிள்ளைகிட்டச் சொல்லி எடுத்துக்கணும்டி, மக்கு," என்றாள்.

குளியலறைக் கதையை அவள் சொன்னாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்க வீட்டுப் பெரியவன் மூணு வயசு வரைக்கும் என் புடவையைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் வாசல்ல காவல் நின்னான். இப்ப என்ன? நான் வாயைத் தெறந்தா அவன் கதவைச் சாத்திக்கிறான். அனுபவிச்சுக்கோ. அப்புறம் ஏங்குவ."

"சரிக்கா."

"உடம்பைப் பாத்துக்கோ. வச்சிடவா?"

"அக்கா…"

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. வை."

போன் அடங்கியதும் அறையில் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எட்டு நிமிஷம் ஓடும், பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிற்கும். அவள் அதற்கு "என்ன மாமா, இருமலா?" என்று கேட்டுப் பழகியிருந்தாள்.

அன்று செவ்வாய். செவ்வாயும் வெள்ளியும் அறையைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வருவாள். அம்மாவின் வயதுதான் இருக்கும். நீலச் சட்டை, காதில் ஒரு பக்கம் மட்டும் தோடு. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. துண்டைக் காட்டினால் துண்டு கொடுப்பாள், சோப்பைக் காட்டினால் சோப்பு. பட்டாணியைப் பார்த்தால் மட்டும் நீளமாக ஏதோ பேசுவாள். பட்டாணி அதையெல்லாம் ஒரு நீதிபதியின் முகத்தோடு கேட்டுக்கொள்ளும்.

வேலை முடிந்து அந்தப் பெண் கிளம்பியபோது அம்மா பட்டாணியைத் தூக்கக் கை நீட்டித் தயாராக நின்றாள். இப்போது அலறப்போகிறது. பழகியவர் யார் போனாலும் இதுதான். ஆனால் அன்று அந்தப் பெண் கதவைச் சாத்தவில்லை. தள்ளுவண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முகத்தை இவர்கள் பக்கமே வைத்து, பின்னால் பின்னால் நடந்தாள். நடை நீளமானது, இரண்டு பக்கமும் கதவுகள். ஒவ்வொரு கதவு வந்ததும் நின்று கையாட்டினாள். பட்டாணி நிலைப்படியில் நின்று பார்த்தது. அந்தப் பெண் மூன்றாவது கதவில் ஆட்டினாள், ஆறாவது கதவில் ஆட்டினாள், நடையின் கோடியில் ஒரு நீலத் துணி மாதிரி ஆகி அங்கிருந்தும் ஆட்டிவிட்டுத் திரும்பினாள்.

பட்டாணி அழவில்லை. விரலை நீட்டி, "குட்டி," என்றது.

அம்மா குனிந்து அதன் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகவே அழவில்லை. எங்கோ பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்தது போல, "குட்டி," என்று இன்னொருமுறை சொன்னது.

நாள் முழுக்க அவளுக்கு அது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. கடையில் அவளுடைய வேலையே அதுதான். நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, எதிரே எழுத்துப் பலகையில் விளக்கைப் போட்டு, "எது வரைக்கும் தெரியுதோ அது வரைக்கும் சொல்லுங்க," என்பாள். மேலே பெரிய எழுத்து. கீழே போகப் போகச் சின்னது. எதுவும் சட்டென்று காணாமல் போவதில்லை. சின்னதாகி, மங்கி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாகி, அதற்குப் பிறகுதான் போகும். கடைசி வரி தெரியாவிட்டால் யாரும் பயப்படுவதில்லை. அது அங்கேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் எட்டவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

பட்டாணியின் அப்பா சின்னதாகவே இல்லை. ஆறடி அப்பா அப்படியே இருந்தான், அடுத்த நிமிஷம் இல்லை.

சாயங்காலம் அவன் வந்ததும் அவள் சொன்னாள். அவன் சோபாவில் காலை நீட்டியிருந்தான். பட்டாணி அவன் வயிற்றில் ஏறி உட்கார்ந்து, சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு சொல்லிட்டுப் போங்களேன்."

"அழும்மா."

"அழட்டும்."

"நீ சொல்லிடுவ. அது அழுதா அன்னிக்குப் பூரா என் காதுலயே நிக்கும். அங்க மெஷின் போடற சத்தத்துலயும் அதுதான் கேக்கும். ஏற்கெனவே அங்க பேச ஆளில்ல. மெஷினைத்தான் தமிழ்ல திட்டிக்கிட்டிருக்கேன். பக்கத்துல நிக்கறவன் நான் மந்திரம் சொல்றேன்னு நெனைச்சு மரியாதையா தள்ளி நிக்கறான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அவன், "பாக்கலாம், பாக்கலாம்," என்று கண்ணை மூடிக்கொண்டான். பேச்சும் அப்படியே நழுவிப் போய்விட்டது.

மறுநாள் ஏழு பத்து. வழக்கம்போலக் குழாய் திறந்தது. வழக்கம்போலப் பட்டாணி கைதட்டியது. வழக்கத்துக்கு மாறாகக் குளியலறைக் கதவு மெல்ல அசைந்து, இடுக்கில் அப்பாவின் பாதி முகம் தெரிந்தது.

"ஷூ எங்க?" என்றான் கிசுகிசுப்பாக.

"வாசல்லதான் இருக்கும்."

"ஒத்த ஷூதான் இருக்கு. இன்னொண்ணக் காணோம்."

"கட்டிலுக்கு அடியில பாருங்க."

"பாத்துட்டேன். இரும்பு மூக்கு ஷூ இல்லாம கேட்டுக்குள்ளயே விட மாட்டான். இன்னிக்குன்னு பாத்து அவங்க பெரிய ஆளுங்க மெஷின் ஓடறதப் பாக்க வராங்க."

கிசுகிசுப்பதில் இனி பயன் இல்லை என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பட்டாணி தொட்டிக்குள் எழுந்து நின்று அப்பாவை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா குழாயை மூடி, நீர் தெறித்து மங்கிப்போன தன் கண்ணாடியைக் கழற்றித் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கினாள். தேடல் தொடங்கியது. சோபா மெத்தை புரண்டது. பெட்டிகள் வாயைப் பிளந்தன. அலமாரியில் இல்லை, குப்பைக்கூடையில் இல்லை.

"பட்டாணி, அப்பா ஷூ எங்கம்மா?"

"இல்ல," என்றது பட்டாணி. சொல்லிவிட்டு அடுப்பு மேடையைப் பார்த்தது. கையும் களவுமாக அகப்பட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஒருமுறை பார்ப்பார்கள்.

மேடைக்குக் கீழே ஓர் ஓவன் அடுப்பு இருந்தது. கேக் சுடுகிற அடுப்பு, அவர்கள் ஒருநாளும் தொட்டதில்லை. அதன் கதவு பட்டாணியின் உயரத்துக்குச் சரியாக இருந்தது. அப்பா குனிந்து திறந்தான்.

உள்ளே ஷூ இருந்தது. ஷூவோடு அவனுடைய தொழிற்சாலைத் தொப்பி இருந்தது. குடை இருந்தது. அவளுடைய செருப்பு இரண்டும், ஜோடி மாறாமல், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வெளியே போகிறவர்கள் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போவார்களோ அதெல்லாம் இருந்தது. பட்டாணியின் சொந்த ஷூ மட்டும் இல்லை. அது வாசலில், எந்த நேரமும் மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பத் தோதாக, கதவைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது.

அவன் ஷூவை வெளியே எடுத்தான்.

"இனிமே நான் குழாயைத் தெறக்க மாட்டேன்," என்றாள் அவள்.

"நேரமாச்சும்மா."

"தெறக்க மாட்டேங்க. வாசல் வழியாப் போங்க. சொல்லிட்டுப் போங்க. கத்தினா கத்தட்டும், நான் பாத்துக்கறேன்."

அவன் ஷூவை மாட்டினான். இந்த அறைக்கு வந்த பிறகு முதல்முறையாகக் குழந்தையின் கண்முன்னால் மாட்டினான். நாடாவைக் கட்டக் கட்டப் பட்டாணியின் உதடு பிதுங்கிக்கொண்டு வந்தது. அவன் அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"பட்டாணி, அப்பா வேலைக்குப் போறேன். சாயங்காலம் வருவேன். சரியா?"

பட்டாணி அழுதது. இத்தனை நாளும் அவன் போகும்போது அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதது. அது அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது, அவன் பிரித்து அவள் கையில் கொடுத்தான், அது அவன் காலரைப் பிடித்துக்கொண்டது, மறுபடி பிரித்தான். கதவைத் திறந்தவன் போகாமல் நின்றான்.

"என்னங்க?"

"சொல்லிட்டுப் போங்கன்னு சொல்ற." அவன் கதவின் கைப்பிடியைப் பார்த்துப் பேசினான். "உங்கிட்டயும் ஒண்ணு சொல்லாம வச்சிருக்கேன். மூணு வாரத்துல முடியாது. ரெண்டாவது மெஷினும் போடச் சொல்லிட்டாங்க. இன்னும் ஆறு வாரம்."

குழந்தையின் அழுகைக்கு நடுவில் அவளுக்கு அது நன்றாகவே கேட்டது.

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை அவன் ஆப்பிள் வாங்கிவந்தான். அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து பட்டாணியைத் தலைமேல் தூக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தான். என்ன இன்றைக்கு இவ்வளவு குஷி என்று அவள் கேட்டபோது, "சும்மாதான்," என்றான். காக்கா காட்டியிருக்கிறான்.

முதலாளி ஒரு மாதத்துக்குமேல் ஒரு நாளும் பொறுக்கமாட்டார். அவளுடைய இடத்தில் வேறு யாரையாவது வைத்துவிடுவார். அதைச் சொல்லலாம். ஐந்து நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். பதில் அவளுக்கே தெரியும். நீ அழுவே என்பான்.

"கீழ போய் நேரா நடங்க," என்றாள். "ஒவ்வொரு வெளக்குக் கம்பத்துகிட்டயும் நின்னு திரும்பிக் கையாட்டுங்க. நாங்க ஜன்னல்ல இருப்போம். ஓடிடாதீங்க."

அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். கதவு அதன் சொந்தச் சத்தத்தோடு மூடிக்கொண்டது.

ஜன்னல் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே இருந்தது. விக்கி விக்கி அழுகிற பட்டாணியை மேடைமேல் உட்கார வைத்து, பின்னாலிருந்து அணைத்துக்கொண்டாள். நான்கு மாடிக்குக் கீழே தெரு நூல் பிடித்தது போல நேராகப் போனது. அவன் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தான்.

"அதோ யாரு?"

"ப்பா!" அழுகை பாதியில் நின்றது.

முதல் கம்பத்தில் திரும்பிக் கையாட்டினான். முகம் முழுக்கத் தெரிந்தது. இரண்டாவது கம்பத்தில் சிரிக்கிறான் என்று தெரிந்தது, ஆனால் பல் தெரியவில்லை. மூன்றாவதில் பையும் தொப்பியும். நான்காவதில் ஒரு கை மட்டும் மேலே போய் இப்படியும் அப்படியும் ஆடியது. ஐந்தாவது கம்பத்தில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. தெருவில் நாலைந்து பேர் இருந்தார்கள், எல்லாரும் சாம்பல் நிறத்தில் ஒன்றாகக் கலங்கிப்போனார்கள். கண்ணாடியைக் குளியலறையில் விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எடுக்கப் போகலாம். பட்டாணியை மேடையில் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது.

"அப்பா தெரியறாரா?" என்று குழந்தையைக் கேட்டாள்.

"ப்பா குட்டி," என்றது பட்டாணி. கையை ஆட்டியது.

"இப்ப?"

"குட்டி." மறுபடி ஆட்டியது.

அவன் ஆறாவது கம்பத்திலும் நின்றிருக்கிறான் என்று அவள் அறிந்துகொண்டது அப்படித்தான். ஏழாவதிலும் நின்றான். அவளுடைய கண்ணுக்கு இரண்டு கம்பங்களுக்கு முன்னாலேயே முடிந்துபோன புருஷன், அவள் கைக்குள் இருந்த அந்தச் சின்னத் தலைக்கு இன்னும் போய்க்கொண்டிருந்தான். அவள் தெருவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதன் கையையே பார்த்தாள். கை ஆடியது, நின்றது, ஆடியது.

"எது வரைக்கும் தெரியுதோ அது வரைக்கும் சொல்லு," என்றாள்.

எட்டாவதில் பட்டாணி கையை ஆட்டவில்லை. நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தது. மூச்சு பட்டுக் கண்ணாடி பனித்தது. அந்தப் பனியில், அப்பா கடைசியாக இருந்த இடத்தில், விரலால் தொட்டது.

"போச்சு," என்றது. சாப்பாட்டுக் கிண்ணம் காலியானால் சொல்கிற அதே குரலில்.

"சாயங்காலம் அங்கேருந்துதான் வருவாரு. குட்டியா வந்து பெரிசாவாரு. பாக்கலாமா?"

பட்டாணி யோசித்துவிட்டுத் தலையை ஆட்டியது. அம்மா அதைக் கீழே இறக்கி, உடுப்பு மாட்டி, அடுப்பிலிருந்து தன் செருப்புகளை எடுத்து வாசலில் அதன் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்னும் ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள். ஃப்ரிட்ஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றது. அவள் இன்றைக்கு அதனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

குளியலறை வாசலில் போய்க் குழந்தையின் முன்னால் குனிந்தாள்.

"அம்மா உள்ள போறேன். கதவைச் சாத்துவேன். அப்புறம் வருவேன்."

பட்டாணி கதவைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. நைட்டியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் தாமதித்தது. பிறகு அதுவும்.

அவள் உள்ளே போய்க் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தினாள். இடுக்கில் பட்டாணியின் முகம் பாதியாகி, ஒரு கண்ணாகி, கோடாகிப் போனது. சத்தம் இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பத்து வரை சத்தம் இல்லை.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் கேட்ட ஐந்து நிமிஷம் இதோ வந்துவிட்டது. வந்ததும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. முகத்தைக் கையில் பொத்திக்கொண்டாள், அழுகை வந்தது. வெளியே கேட்டுவிடப் போகிறதே என்று கை தானாகக் குழாயின் மேல் போனது.

பிடித்தவள் திருகாமல் விட்டாள்.

கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அதன் வழியாக நான்கு குட்டி விரல்கள் உள்ளே வந்து தரையைத் தடவின.

"ம்மா?"

அவள் இறங்கித் தரையில் உட்கார்ந்து, தன் விரலை அவற்றின் மேல் வைத்தாள்.

"இருக்கேன்," என்றாள்.